கேள்வி: நேர்முகத் தேர்வில் கேட்டலும் பேசுதலும்

நேர்முகத் தேர்வு என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது பேச்சுதான். எப்படித் தொடங்குவது, ஆங்கிலம் தடுமாறாமல் வருமா, குரல் நடுங்கிவிடுமா என்றெல்லாம் கவலைப்படுகிறோம். கண்ணாடிமுன் நின்று பேசிப் பார்க்கிறோம். மூத்த மாணவர்களிடம் பதில்களை எழுதி வாங்கி மனனம் செய்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

தொழிற்பயிற்சிக்கு இடம் தேடிய காலத்தில், பாயான் லெப்பாசில் உள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து முதல் அழைப்பு வந்தது. தர மேற்பார்வைப் பிரிவில் பயிற்சி. ஒரு வாரம் இரவும் பகலும் பதில்களைப் பாடம் செய்தேன். கொம்தாரில் பேருந்து ஏறியதிலிருந்து இறங்கும் வரை உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. தேர்வு இருபது நிமிடங்களில் முடிந்தது. எங்கும் திக்கவில்லை. பாடம் செய்ததில் ஒரு வரியையும் விடவில்லை. நன்றாகச் செய்துவிட்டேன் என்ற நிறைவோடு வீடு திரும்பினேன்.

என் அம்மா அதே தொழிற்பேட்டையில் வேறொரு தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளாக உற்பத்திப் பிரிவு ஊழியர். அன்று மாலை தொழிற்சாலைப் பேருந்தில் வந்து இறங்கியவர், காலணியைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்: "என்னென்ன கேட்டாங்கம்மா?"

நான் சொன்னவற்றை வரிசையாக ஒப்பித்தேன்.

"நீ சொன்னது சரி. அவங்க என்ன கேட்டாங்க?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டு கேள்விகளுக்கு மேல் நினைவுக்கு வரவில்லை. அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதற்கான விடை, அம்மா கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே இருந்தது. அதன் பிறகு நான் படித்தவற்றையும், நண்பர்களோடு சேர்ந்து முயன்று பார்த்தவற்றையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன். இவ்வாண்டு தேர்வுக்குச் செல்லவிருக்கும் தம்பி தங்கையர்க்கு இது பயன்படும் என நம்புகிறேன்.

கேள்வி என்னும் சொல்

தமிழில் 'கேள்' என்னும் வினைக்கு இரண்டு பொருள் உண்டு. வினவுவதும் கேட்பதே, செவிமடுப்பதும் கேட்பதே. 'கேள்வி' என்ற பெயர்ச்சொல்லும் அவ்வாறே இரு பொருள் தருகிறது. திருக்குறளில் 'கேள்வி' என்பது 42ஆம் அதிகாரம். அது வினாக்களைப் பற்றியது அன்று. அறிந்தோர் சொல்வதைச் செவிவழி பெறுவதைப் பற்றியது. 'சொல்வன்மை' 65ஆம் அதிகாரமாகவும், 'அவையறிதல்' 72ஆம் அதிகாரமாகவும், 'அவையஞ்சாமை' 73ஆம் அதிகாரமாகவும் வருகின்றன. முதலில் கேட்டல், பிறகு சொல்லுதல், பிறகு அவையை அறிதல், அதன் பிறகே அஞ்சாமை. நேர்முகத் தேர்வுக்கு இதைவிடப் பொருத்தமான பாடவரிசை இருக்க முடியுமா? நாமோ கடைசியில் வரும் அஞ்சாமையை முதல் நாளே பெற்றுவிட விரும்புகிறோம்.

மலாய்மொழியில் நேர்முகத் தேர்வைத் 'தெமுடுகா' என்கிறார்கள். 'தெமு' என்றால் சந்திப்பு. 'டுகா' என்றால் ஆழம் பார்ப்பது. கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டிக் கடலில் இறக்கி ஆழம் அளப்பார்களே, அந்தக் குண்டுக்கு 'பத்து டுகா' என்று பெயர். துறைமுக நகரில் வாழும் நமக்கு இந்த உவமை எளிதில் விளங்கும். கேள்வி கேட்பவர் குண்டை இறக்குகிறார். அது எந்த இடத்தில் இறங்குகிறது என்று பார்க்காமல் வேறிடத்தில் நாம் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தால், ஆழம் எப்படித் தெரியும்?

நாம் எங்கிருந்து போகிறோம்

1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாசில் சுங்கவரி விலக்குப் பெற்ற தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது. துன் டாக்டர் லிம் சொங் இயூ பினாங்கு முதலமைச்சராக இருந்த காலம் அது. இண்டெல், ஹிட்டாச்சி, ஹியூலெட் பேக்கார்ட் முதலிய எட்டு நிறுவனங்கள் முன்னோடிகளாக வந்தன. அவற்றை 'எட்டுச் சாமுராய்கள்' என்று இன்றும் குறிப்பிடுவர். திறன்மிக்க பணியாளர்களை உருவாக்க 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையமும் அமைக்கப்பட்டது. எங்கள் அம்மாக்கள் பலர் இந்தத் தொழிற்பேட்டைக்கு உற்பத்திப் பிரிவு ஊழியர்களாகப் போனார்கள். இப்போது பட்டதாரிகளாக நாம் போகிறோம். வாயில் ஒன்றுதான். ஆனால், நாம் ஒரு மேசையின் எதிரே உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியுள்ளது.

அந்த மேசையின் எதிரே உட்காரும் நம்மிடம் மூன்று மொழிகள் இருக்கின்றன. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் தமிழில் எண்ணினோம். பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் வரலாறும் அறிவியலும் படித்தோம். சிலர் இடையில் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்தோம். நேர்முகத் தேர்வோ பன்னாட்டு நிறுவனங்களில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. அரசுப் பணிக்கென்றால் மலாய்மொழியில் நடக்கிறது. தமிழில் நினைத்து, மலாய்மொழியில் தேடி, ஆங்கிலத்தில் சொல்லும் பயணத்தில் நம் மனம் களைத்துவிடுகிறது. அடுத்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது காது மூடிக்கொள்கிறது. எனக்கு நேர்ந்ததும் அதுதான்.

மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான மூயெட்டில் 2020 வரை மொத்தம் 300 புள்ளிகள். அவற்றில் கேட்டலுக்கு 45, பேச்சுக்கு 45. 2021 முதல் நான்கு திறன்களுக்கும் தலா 90 புள்ளிகள் என்று மாற்றினார்கள். கேட்டலுக்கு வாசிப்புக்கு நிகரான மதிப்பு வந்துவிட்டது. ஆனால், நம் தயாரிப்பில் அந்த மாற்றம் இன்னும் வரவில்லை. பேச்சுக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கும் நாம், கேட்பதற்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குகிறோமா?

ஆறு வகை வினா

கவனமாகக் கேள் என்று சொல்வது எளிது. எதைக் கேட்பது? இங்கே நமக்குக் கைகொடுப்பது நாம் பள்ளியில் படித்த இலக்கணமே. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. மதிப்பெண்ணுக்காகப் பாடம் செய்துவிட்டு மறந்துபோன அந்த ஆறும் தேர்வு அறையில் அப்படியே உயிரோடு நிற்கின்றன.

முதலாவது அறிவினா. தனக்குத் தெரிந்த ஒன்றைப் பிறர்க்குத் தெரியுமா என்று அறியக் கேட்பது. ஆசிரியர் மாணவரிடம் கேட்பது இவ்வகை. "ஐ.எஸ்.ஓ. 9001 எதைப் பற்றிய தரநிலை?" என்று கேட்டால், கேட்டவர்க்கு விடை தெரியும். தர மேலாண்மை முறையைப் பற்றியது என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். அவருக்கே பாடம் நடத்த வேண்டியதில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, எங்கே தேடி அறிவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது அறியா வினா. தனக்குத் தெரியாததை அறியக் கேட்பது. "இறுதியாண்டு ஆய்வில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாது. இங்கே சுருக்கம் உதவாது. அவர் உங்கள் ஆய்வுக்கூடத்தைப் பார்த்ததில்லை என்று எண்ணிக்கொண்டு, ஒழுங்காக விளக்க வேண்டும்.

மூன்றாவது ஐய வினா. இதுவா அதுவா என்னும் ஐயம் நீங்கக் கேட்பது. "இரண்டாம் பருவத்தில் புள்ளி இறங்கியிருக்கிறதே, பாடம் கடினமா, வேறு காரணமா?" என்று கேட்டால் நமக்குச் சுருக்கென்றிருக்கும். அது குற்றச்சாட்டு அன்று. அவர் மனத்தில் ஓர் ஐயம் இருக்கிறது. அதை நீக்க நமக்கு ஒரு வாய்ப்புத் தருகிறார். உண்மையைச் சொல்லி, பிறகு எப்படிச் சரிசெய்தோம் என்பதைச் சொன்னால் ஐயம் தீரும்.

நான்காவது கொளல் வினா. ஒன்றைப் பெற்றுக்கொள்ளக் கேட்பது. கடைக்காரரிடம் பருப்பு உள்ளதா என்று கேட்பது போன்றது. "வாகன உரிமம் உண்டா? எந்தத் தேதியில் தொடங்க முடியும்?" என்பவை இவ்வகை. உண்டு, இல்லை, தேதி ஆகியவைதாம் விடை. கதை வேண்டாம்.

ஐந்தாவது கொடை வினா. கொடுப்பதற்காகக் கேட்பது. "தண்ணீர் வேண்டுமா? சற்று நேரம் யோசிக்கிறீர்களா?" என்று கேட்டால் நாம் மரியாதைக்காக "பரவாயில்லை" என்று மறுத்துவிடுகிறோம். கொடுப்பதை நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம். அந்த அரை நிமிடம் பெரிய உதவி.

ஆறாவது ஏவல் வினா. வினாவின் வடிவில் வரும் கட்டளை. "இந்த வரைபடத்தை விளக்க முடியுமா?" என்று கேட்டால், "முடியும்" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருக்கக் கூடாது. விளக்கத் தொடங்க வேண்டும்.

கேள்வி காதில் விழுந்ததும், இது எந்த வினா என்று ஒரு கணம் உள்ளத்தில் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு நீளம் பேசுவது, எங்கே நிறுத்துவது என்பது தானாகத் தெரியும். பதற்றத்தின் பாதி அங்கேயே குறைந்துவிடுகிறது.

எட்டு வகை விடை

நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் பொருள் தரும் விடைகள். "ஆடுவாயா?" என்றால் "பாடுவேன்" என்பது இனமொழி விடை. ஆடமாட்டேன் என்பது அதில் மறைந்திருக்கிறது.

என் முதல் நேர்முகத் தேர்வில், "எக்செல் மென்பொருளில் பைவட் டேபிள் போடத் தெரியுமா?" என்று கேட்டார்கள். "பவர்பாயிண்ட் நன்றாகத் தெரியும்" என்றேன். நல்ல இனமொழி விடை! இலக்கணத் தேர்வாக இருந்திருந்தால் முழுப் புள்ளி கிடைத்திருக்கும். கேட்டவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். தெரியாது என்பதை நான் மறைத்தேன் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் நாம் குறிப்பு விடைகளிலேயே வாழ்கிறோம். "கடைக்குப் போயிட்டு வர்றியா?" என்றால் "கால் வலிக்குதும்மா" என்போம். அம்மாவுக்குப் புரியும். நம்மை அறியாத ஒருவர்க்குக் குறிப்பு புரியாது. புரிந்தாலும் நழுவுகிறார் என்று தோன்றும். "இரவு வேளையில் வேலை செய்ய இயலுமா?" என்ற கேள்விக்கு "பேருந்து கிடைக்காதே" என்பது குறிப்பு விடை. "இயலும். இரவில் போக்குவரத்து ஏற்பாடு உண்டா என அறிய விரும்புகிறேன்" என்பது நேர்விடையும் அதன்பின் ஒரு வினாவும். வெளிப்படை விடை முதலில் வரட்டும். மற்றவை அதன் பின்னே வரலாம்.

ஓர் உணவகத்தில் நடந்தது

மொழியை அறிந்திருந்தும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது நமக்கு மட்டும் நேர்வதன்று. ஜான் கம்பர்ஸ் என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் 1982இல் வெளியிட்ட நூலில் ஒரு நிகழ்ச்சியை விவரிக்கிறார். பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார்கள் என்று சாப்பிட வந்தவர்களும் மேற்பார்வையாளர்களும் குறைபட்டார்கள். அவர்கள் பேசியதோ மிகச் சில சொற்கள். ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. இறைச்சி வாங்குபவரிடம் ஆங்கிலேயப் பணியாளர் "கிரேவி?" என்று குரலை உயர்த்தி முடித்தார். நம்மவர்கள் "கிரேவி." என்று குரலை இறக்கி முடித்தார்கள். முன்னது, வேண்டுமா என்று கேட்பது போல ஒலித்தது. பின்னது, இதுதான் கிரேவி, எடுத்துக்கொள் என்பது போல ஒலித்தது. ஒலிப்பதிவைக் கேட்டபோது அப்பெண்களுக்கு முதலில் வேறுபாடே தெரியவில்லை. விளக்கியதும் புரிந்தது. தம்மை மற்றவர்கள் ஏன் அப்படி நடத்தினார்கள் என்பதும் அன்றுதான் அவர்களுக்கு விளங்கியது.

இது நம் பேச்சுக்கும் பொருந்தும். தமிழில் அழுத்தம் கொடுக்க 'தான்', 'ஏ' போன்ற இடைச்சொற்கள் இருக்கின்றன. "நான்தான் செய்தேன்", "நானே செய்தேன்" என்று சொல்லிலேயே அழுத்தம் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைக் குரல் செய்ய வேண்டும். நாம் சொற்களை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு அழுத்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். கேட்பவர்க்கு அது ஆர்வமில்லாத பேச்சாகப் படுகிறது. குரலைப் பெரிதாக்க வேண்டியதில்லை. முக்கியமான ஒரு சொல்லில் சற்று நின்று அழுத்திச் சொன்னால் போதும்.

முடிவு முதலில், காரணம் பிறகு

தமிழ் வாக்கியத்தில் பயனிலை இறுதியில் வருகிறது. நம் விளக்கமும் அப்படியே அமைகிறது. மழை பெய்தது, சாலையில் நெரிசல், பேருந்து தாமதம், ஆகையால் வர இயலவில்லை என்று காரணங்களை அடுக்கி முடிவுக்கு வருவோம். லிண்டா வாய் லிங் யங் என்னும் ஆய்வாளர் 1982இல் எழுதிய கட்டுரையில், சீனமொழி பேசுவோரும் ஆங்கிலத்தில் பேசும்போது காரணத்தை முதலிலும் முடிவைக் கடைசியிலும் வைக்கிறார்கள் என்றும், ஆங்கிலம் பேசுவோர்க்கு அது சுற்றி வளைப்பதாகத் தோன்றுகிறது என்றும் காட்டினார். ஆகவே, இது யாருடைய குறையும் அன்று, பழக்கங்களின் வேறுபாடு.

நேர்முகத் தேர்வில் நேரம் குறைவு. எனவே, முடிவை முதலில் சொல்லிப் பழகுவோம். "எனக்குத் தர மேற்பார்வைப் பிரிவே விருப்பம். காரணம் இரண்டு" என்று தொடங்குங்கள். இடையில் அவர் நிறுத்தினாலும் முக்கியமானது போய்ச் சேர்ந்துவிடும்.

'நாங்கள்' என்பது யார்?

தமிழில் கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்'. மலாய்மொழியிலும் 'கித்தா', 'காமி' என்ற அதே வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இந்த நுட்பம் தெரிந்த நாம், 'நான்' என்று சொல்ல மட்டும் கூச்சப்படுகிறோம். தற்பெருமை கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் அல்லவா! "நாங்கள் நிகழ்ச்சியை நடத்தினோம், நாங்கள் நிதி திரட்டினோம்" என்கிறோம்.

பல நிறுவனங்கள் விண்ணப்பம் செய்த அனைவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் தனித்தனியே புள்ளி இடுகின்றன. 2022இல் பால் சாக்கெட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் வெளியிட்ட மறுஆய்வில், ஒருவரின் வேலைத்திறனை முன்கூட்டிக் கணிக்கும் வழிகளுள் இவ்வகை நேர்முகத் தேர்வே முதலிடம் பெற்றது. கேட்பவரின் விருப்பு வெறுப்பை ஓரளவு கட்டுப்படுத்துவதால் நமக்கும் இது நல்லதே. ஆனால், 'நாங்கள்' என்பதற்குப் புள்ளி போட அவரால் இயலாது. பத்துப் பேரில் நீங்கள் செய்தது எது என்பதே அவர் கேள்வி.

"உங்களோடு ஒத்துவராத ஒருவரோடு சேர்ந்து வேலை செய்த அனுபவம் உண்டா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. நான் அதற்கு ஒற்றுமையின் சிறப்பைப் பற்றி மூன்று நிமிடம் சொற்பொழிவாற்றினேன். அவர் கேட்டதோ ஓர் அனுபவம். சூழல் என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்ற நான்கு படிகளில் சொல்லலாம். நம் கலைவிழாவில் நாற்காலி அடுக்கியதில்கூட அப்படி ஓர் அனுபவம் இருக்கும். "இருவரும் ஒரே நாளில் மண்டபத்தைக் கேட்டுச் சண்டையிட்டோம். நான் அட்டவணையை இரண்டாகப் பிரித்து அவரிடம் காட்டினேன். அவர் காலையை எடுத்துக்கொண்டார்" என்பது சிறிய கதைதான். ஆனால், அது உங்களுடைய கதை.

மௌனத்துக்கு அஞ்ச வேண்டாம்

2009இல் தான்யா ஸ்டைவர்ஸ் முதலிய ஆய்வாளர்கள் பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்து பார்த்தார்கள். ஒருவர் கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி, சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அதனால்தான் இரண்டு விநாடி அமைதிகூட நமக்கு இரண்டு மணி நேரமாகத் தெரிகிறது. அந்த அச்சத்தில், கேள்வி முடிவதற்குள் பதிலைத் தொடங்கிவிடுகிறோம்.

அமைதியை அறிவித்துவிட்டால் அது தடுமாற்றமாகத் தெரியாது. "நல்ல கேள்வி, ஒரு கணம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு மூச்சு விடுங்கள். கேள்வி புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். பெரியவர்கள் முன் "சரி சார், சரி மேடம்" என்று தலையாட்டுவது நமக்குப் பழக்கம். புரியாததற்குத் தலையாட்டுவது மரியாதை ஆகாது. "மன்னிக்கவும், நீங்கள் கேட்பது என் ஆய்வைப் பற்றியா, குழு வேலையைப் பற்றியா?" என்று நம் புரிதலைத் திரும்பச் சொல்லிக் கேட்கலாம். அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்சும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957இல் இதைச் 'செயலூக்கத்தோடு கேட்டல்' என்ற பொருளில் விளக்கினார்கள். பிறர் சொன்னதை நம் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்வது அதன் முக்கியக் கூறு. இணையவழி நேர்முகத் தேர்வுகளில் ஒலி சற்றுத் தாமதமாக வரும் என்பதால் இது இன்னும் தேவையாகிறது.

மூவர் பயிற்சி

இதை எப்படிப் பழகுவது? நானும் இரு தோழிகளும் செய்த பயிற்சியைச் சொல்கிறேன். செலவு இல்லை, ஒரு கைப்பேசி போதும்.

மூவர் உட்காருங்கள். ஒருவர் கேட்பவர், ஒருவர் விடையளிப்பவர், மூன்றாமவர் எழுதுபவர். விடையளிப்பவர், பதில் தொடங்குமுன் கேள்வியைத் தம் சொற்களில் ஒரு வரியில் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டவர் "ஆம், அதுதான்" என்ற பிறகே பதில். எழுதுபவர் இரண்டை மட்டும் குறிக்கட்டும்: எந்த வகை வினா, விடை அதைத் தொட்டதா. உச்சரிப்பையும் இலக்கணப் பிழையையும் அப்போது குறிக்க வேண்டாம். ஐந்து கேள்விகள் முடிந்ததும் இடம் மாறுங்கள்.

முதல் நாள் மூவருமே தோற்றோம். கேள்வியைத் திருப்பிச் சொல்லவே வரவில்லை. அவரவர் பதில்தான் வந்தது. நான்காம் நாளில் ஒரு மாற்றத்தைக் கவனித்தோம். ஒலிப்பதிவைக் கேட்டபோது எங்கள் குரல் தானாகவே நிதானமாகியிருந்தது. தன்னம்பிக்கையைத் தனியாக யாரும் பழகவில்லை. என்ன கேட்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்ததால் அது வந்து சேர்ந்தது. தேர்வு அறையில் கேள்வியை வாய்விட்டு ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை; மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் போதும்.

கடைசிக் கேள்வி

பெரும்பாலான நேர்முகத் தேர்வுகள் ஒரே கேள்வியில் முடிகின்றன: "எங்களிடம் கேட்க ஏதேனும் உண்டா?" முதல் முறை நான் "இல்லை, நன்றி" என்று எழுந்துவிட்டேன். கேட்டால் பணிவில்லாதவள் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம். உண்மையில், கேட்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. ஏனெனில் நான் எதையும் கேட்டிருக்கவில்லை. இருபது நிமிடத்தில் அவர்கள் சொன்ன ஏதாவது ஒன்று காதில் விழுந்திருந்தால், அதிலிருந்தே ஒரு கேள்வி பிறந்திருக்கும். இங்கேதான் 'கேள்' என்னும் சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றாகின்றன. செவிமடுத்தவரால்தான் வினவ முடியும்.

இரண்டாவது நேர்முகத் தேர்வு இரண்டு மாதங்கள் கழித்து வந்தது. ஆங்கிலம் முன்பு போலத்தான் இருந்தது. இரண்டு இடங்களில் சொல் வராமல் நின்றேன். ஒரு கேள்வியைத் திரும்பக் கேட்டேன். பைவட் டேபிள் பற்றி மீண்டும் வந்தது. "இப்போதுதான் கற்கிறேன், எளியவற்றைச் செய்ய முடியும்" என்று நேர்விடை சொன்னேன். உரையாடலின் இடையே, பயிற்சி மாணவர்கள் முதல் மாதம் அளவைக் கருவிகளைச் சரிபார்ப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். இறுதியில் அதைப் பற்றியே கேட்டேன்: "அந்த வேலையில் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு எது?" அவர் சிரித்துவிட்டு ஐந்து நிமிடம் விளக்கினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நண்பர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நன்றாகக் கேட்டு நன்றாகப் பேசினாலும் எல்லா இடமும் கிடைத்துவிடாது. இடம் ஒன்று, வருவோர் பலர் என்பது ஒரு காரணம். கேட்பவர்களும் மனிதர்கள்தாம் என்பது இன்னொரு காரணம். அதற்காக நம் தமிழையோ, படித்த தமிழ்ப்பள்ளியையோ குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்து நமக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பள்ளிதான். அதைப் பயன்படுத்த மறந்தவர்கள் நாம்.

அன்று மாலை அம்மா வந்தார். இம்முறை காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்னென்ன கேட்டாங்கம்மா?"

ஒன்பது கேள்விகள். ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னேன். அம்மா கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, அந்த அளவைக் கருவிகளைப் பற்றித் தமக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினார். இருபது ஆண்டு அனுபவம். அதுவரை அவரிடம் நான் அதைக் கேட்டதே இல்லை.